ஆறாம் அத்தியாயம்: அறிமுகம் செய்துவைப்பது யார் வேலை?

இதுவரை இடம் பார்த்தோம், வாடகை ஒப்பந்தம் எழுதினோம், இரண்டு கம்பெனிகளிடம் இன்டர்நெட் இணைப்பு வாங்கினோம், மின்வெட்டைச் சமாளிக்க ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் வைத்தோம். கையில் பணம் இருக்கும் எவரும் இவ்வளவையும் செய்துவிட முடியும். ஒரு கோவொர்க்கிங் இடம் நிலைப்பதும் மூடப்படுவதும் இதற்குப் பிறகுதான் தீர்மானமாகிறது. ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் முப்பது, நாற்பது பேருக்கு ஒருவரையொருவர் தெரிகிறதா என்பதே கேள்வி.

வெப் டிசைனர், கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், இரண்டு நண்பர்களோடு கம்பெனி தொடங்கியவர் என்று உங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டிலேயே மேசை இருக்கிறது. ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. விசாரிக்க வரும்போது நெட் வேகம் என்ன, பைக் நிறுத்த இடம் உண்டா, டீ இலவசமா என்றுதான் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து, தொடர்ந்து பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவர்கள் போடும் கணக்கு வேறு. அங்கே போனால் பேச ஆள் இருக்கிறதா? அந்த இடத்தால் ஒரு வேலையாவது கிடைத்ததா? மாட்டிக்கொண்டு முழித்த நேரத்தில் யாராவது கை கொடுத்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் வீட்டு மேசைக்கே திரும்பிவிடுவார்கள். நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அவர்களை அது நிறுத்தாது.

இந்தத் தொழில் பிறந்த இடத்திலேயே இது தெரிந்துவிட்டது. பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் வல்லுநர் 2005 ஆகஸ்ட் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்பைரல் மியூஸ் என்ற பெண்ணியக் கூட்டமைப்பின் வீட்டில் கோவொர்க்கிங் என்ற பெயரில் ஓர் இடத்தைத் தொடங்கினார். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். அதற்கு மாதம் 300 டாலர் வாடகை. தனியாக வேலை பார்ப்பவரின் சுதந்திரமும் அலுவலகத்தில் கிடைக்கும் துணையும் சேர்ந்தே வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அதன் பிறகு அவரே வெளியே இறங்கி ஆட்களிடம் பேசி அழைத்து வரவேண்டியிருந்தது. சேர்ந்து சாப்பிடுவது, நடுவில் தியானத்துக்கு ஓர் இடைவேளை, மாலை 5.45 மணிக்குக் கண்டிப்பாக மூடுவது ஆகியவை அந்த இடத்தின் வழக்கங்கள். ஆகஸ்ட் 9 இன்று உலகின் பல ஊர்களில் கோவொர்க்கிங் தினமாகக் கொண்டாடப்படுகிறது. முதல் மாதம் காலியாகக் கிடந்த அந்த மேசைகளைக் கொண்டாடுபவர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. எனக்கு அந்த முதல் மாதம்தான் முக்கியமாகப் படுகிறது.

பிலடெல்பியாவில் அலெக்ஸ் ஹில்மனும் நண்பர்களும் வேறு வழியில் போனார்கள். முதலில் ஆட்களைச் சேர்த்தார்கள். ஊரில் தனித்தனியாக வேலை பார்த்தவர்கள் காபிக் கடைகளில் கூடிப் பழகினார்கள். அந்தக் கூட்டத்துக்கென்று 2007-இல் இன்டி ஹால் என்ற இடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. இந்த நூலை வரிசை மாற்றிப் படிப்பவர்கள், இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள், இரண்டாவது வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையோ திருநெல்வேலியோ ஓசூரோ, உங்கள் ஊரில் தனியாக வேலை பார்க்கும் பத்துப் பேரைக் கண்டுபிடித்து, சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு காபிக் கடையிலோ பேக்கரி மாடியிலோ லேப்டாப்போடு உட்காருங்கள். தொடர்ந்து சில வாரம் அந்தப் பத்துப் பேர் கூடாத ஊரில், அட்வான்ஸ் கொடுத்து மாடி எடுத்தாலும் கூடமாட்டார்கள்.

நீர்க்கட்டி மாதிரி ஓர் ஆள்

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை பார்ப்பது, கரையில் கசிவு தெரிந்தால் ஊருக்குச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி நெல்லாக வரும். பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்காது. அவர் சொல்லும் முறையை எல்லாரும் ஏற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பத்தினர். அவர்கள் அறிவுக்கும் உழைப்புக்கும் ஊர் கொடுத்த மதிப்பு மிகக் குறைவு. அதையும் சேர்த்தே இங்கே சொல்ல வேண்டும்.

கோவொர்க்கிங் இடத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும். கம்யூனிட்டி மேனேஜர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இடத்தை ஒரு சுற்று சுற்றி வருபவர். யாருக்கு இப்போது என்ன தேவை, யாரிடம் அது இருக்கிறது என்று அறிந்தவர். தனக்கென்று அங்கே வயல் இல்லாதவர். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சொந்தமாக டிசைன் ஏஜென்சி நடத்தும் ஒருவரைக் கம்யூனிட்டி மேனேஜராக வைத்தால், லோகோ வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் அந்த வேலை எந்தப் பக்கம் பாயும் என்று மற்ற டிசைனர்களுக்குத் தெரியும். இடத்தின் உரிமையாளரே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியும் நடத்தினால் இதே சிக்கல்தான். அப்போது சாஃப்ட்வேர் வேலை கேட்டு வருபவர்களை வேறொருவர் கவனிப்பார் என்று முதலிலேயே எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

இந்த வேலைக்கு ரிசப்ஷனிஸ்டையே போட்டுவிட்டு, கம்யூனிட்டி மேனேஜர் என்று பேட்ஜ் மாட்டிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. கூரியர் வாங்கி, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை இழுத்து, ஏசிக்கு ஆள் கூப்பிட்டு, பில் போட்டு முடிக்கும் ஒருவருக்கு மனிதர்களோடு பேச நேரம் எங்கே இருக்கும்? இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்றால், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உரிமையாளர் ரிசப்ஷனில் உட்காரட்டும். அந்த இரண்டு மணி நேரம் மேனேஜர் உள்ளே நடக்கட்டும்.

அவர் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். என்ன வேலை செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், இப்போது எதைத் தேடுகிறார், மற்றவருக்கு எதில் உதவ முடியும், யாரிடம் அவரை அறிமுகம் செய்தோம், எந்தத் தேதியில். எக்செலில் ஏற்றிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் பேசிவிட்டு வந்ததும் இரண்டு வரி எழுதிக்கொள்ள நோட்டே வசதி. மாதக் கடைசியில் பக்கங்களைப் புரட்டினால், அறிமுகம் என்ற இடம் காலியாகக் கிடக்கும் பக்கங்கள் கண்ணில் படும். அடுத்த மாதம் பணம் கட்ட வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் இருப்பார்கள்.

புதியவரின் முதல் வாரம்

வந்த அன்றே புதியவரை நடுவில் நிறுத்தி எல்லாருக்கும் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு சுற்றில் இருபது பெயர் கேட்டவருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. கூச்ச சுபாவம் உள்ளவர் மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

முதல் நாள் இரண்டே பேர் போதும். ஒருவர் பக்கத்து மேசைக்காரர். இன்னொருவர் அவர் வேலையோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்புள்ளவர். அறிமுகத்தில் காரணம் இருக்க வேண்டும். "இவர் புதுசா சேர்ந்திருக்கார்" என்றால் இருவரும் சிரித்துவிட்டு அவரவர் திரைக்குத் திரும்பிவிடுவார்கள். "அக்கா, போன வாரம் வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு இன்வாய்ஸ் போடறதுல ஜிஎஸ்டி எப்படின்னு கேட்டீங்கல்ல, இவர் அந்தக் கணக்குதான் பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிச் சொல்ல வேண்டுமானால் போன வாரம் அந்த அக்கா கேட்டது மேனேஜருக்கு நினைவிருக்க வேண்டும். நோட்டு அதற்குத்தான்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவரை ஒரு கூட்டத்தோடு உட்காரவைக்க வேண்டும். வார முடிவில், "இங்கே யார்கிட்டயெல்லாம் பேசினீங்க?" என்று கேட்க வேண்டும். பெயர் சொல்ல முடியாமல் தயங்கினால் முதல் வாரம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

நம் ஊரில் அறிமுகம் என்றாலே சொந்த ஊர் எது என்றுதான் ஆரம்பிக்கும். பிரியத்தோடு கேட்பவர்கள் நிறைய. ஆனால் அடுத்த கேள்வி எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று போகும்போது, அது எங்கே போய் நிற்கும் என்று கேட்கப்படுபவருக்கு நன்றாகத் தெரியும். பதில் சொல்ல வேண்டியவருக்கு அந்த நிமிடம் எவ்வளவு கனமானது என்று கேட்பவர் உணர்வதில்லை. ஆகவே மேனேஜர் செய்யும் அறிமுகம் எப்போதும் வேலையிலிருந்தே தொடங்கட்டும். யாராவது தெருவரை போனால் பேச்சை வேறு பக்கம் திருப்புவதும் அவர் பொறுப்பு. திரும்பத் திரும்பச் செய்பவரைத் தனியாக அழைத்து நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பழகியவர்களே ஒருவருக்கொருவர் வேலை கொடுத்துக்கொள்வார்களே? மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தருகிறது. பாஸ்டனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களை விசாரித்தார். தகவல் கொடுத்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். பாதித் தெரிந்தவர்தான் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டு வருவார். கோவொர்க்கிங் இடம் விற்பது இந்தப் பாதிப் பழக்கத்தைத்தான். அதனால் நான்கு பேர் சேர்ந்து நெருங்கிய குழுவாகி, மற்றவர்கள் எட்ட நின்று பார்க்கும் நிலை வந்தால் அதைக் கலைத்துவிட வேண்டும். இடம் மாற்றி உட்காரவைத்தாலே பாதி கலைந்துவிடும்.

நாலு மணி டீ

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் கொண்டுவர முடியும் என்றால் நான் நாலு மணி டீயைத்தான் சொல்வேன். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். மூலைக்கு ஒரு வெண்டிங் மெஷின் வைத்தால் ஆளுக்கொரு நேரத்தில் கப்பை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். கீழே இருக்கும் டீக்கடையில் சொல்லி ஃபிளாஸ்க்கில் டீ வரவழையுங்கள். கூடவே சுண்டலோ மசால் வடையோ இருந்தால் ஹெட்போன் போட்டவரும் எழுந்து வருவார். இருபது நிமிடம். பேச்சுக்குத் தலைப்பு எதுவும் வேண்டாம். மேனேஜர் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். உரிமையாளரும் நின்றால் மிக நல்லது. டேபாஸில் வந்தவருக்கும் டீ உண்டு. அவரிடம் காசு கேட்காதீர்கள்.

டீ வைக்கும் இடத்தை எங்கோ ஒரு கோடியில் ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் எம்ஐடியில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் பொறியாளர்களுக்குள் நடக்கும் பேச்சை அளந்து பார்த்தார். இருவரின் இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு சரசரவென்று குறைகிறது, ஐம்பது மீட்டரைத் தாண்டிவிட்டால் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது என்று கண்டார். வேறு மாடியில் இருப்பவர் இன்னும் தொலைவுதான். உங்களுக்கு இரண்டு மாடி இருந்தால் பேன்ட்ரி ஒன்றே இருக்கட்டும். மேல் மாடிக்காரர் இறங்கி வர அலுத்துக்கொள்வார், புகாரும் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிகழ்ச்சிகள் என்று பேனர் கட்டி நடப்பவற்றில் பெரும்பகுதி வீண். வெற்றி பெற்றவர் ஒருவர் வந்து தன்னம்பிக்கைப் பேச்சு கொடுத்துவிட்டுப் போவதால் பக்கத்து மேசைக்காரரோடு யாரும் புதிதாகப் பேசப்போவதில்லை. அதற்குப் பதிலாக மாதம் இரண்டு முறை சிக்கல் மேசை வைக்கலாம். ஒரு உறுப்பினர் தன் தொழிலில் இப்போது மாட்டியிருக்கும் ஒரு சிக்கலைப் பத்து நிமிடம் சொல்வார். கிளையன்ட் பணம் தராமல் இழுக்கிறார், விலையை எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை, முதல் ஆளை வேலைக்கு எடுக்கலாமா என்று எதுவாகவும் இருக்கலாம். மற்றவர்கள் அரை மணி நேரம் கேள்வி கேட்டு, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்.

இது தமிழில் நடக்கட்டும். ஸ்டார்ட்அப் என்றாலே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று ஒரு நினைப்பு சென்னையிலிருந்து மற்ற ஊர்களுக்கும் போயிருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கோடிங்கில் புலியாக இருக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார். இழப்பு அவருக்கு மட்டும் அல்ல. தமிழ் தெரியாத உறுப்பினர் இருந்தால், பக்கத்தில் உட்காரும் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கெல்லாம் சந்தனம் வைத்துப் பொரி, கடலை கொடுக்கலாம். நோன்பு மாதத்தில் ஒரு நாள் சேர்ந்து இஃப்தார் வைக்கலாம், டிசம்பரில் கேக் வெட்டலாம். பொரி எல்லாருக்கும், பூஜை விரும்புபவருக்கு. வரும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

சாப்பாட்டு மேசை

பேன்ட்ரியில் அசைவம் கூடாது என்று போர்டு மாட்டும் இடங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. வாசனை பிடிக்கவில்லை என்பது சொல்லப்படும் காரணம். மீன் குழம்பைத் தன் டிபன் பாக்ஸில் ஒளித்து வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிடும் ஒருவர் இருக்கும் இடத்தை எந்தப் பெயரால் அழைத்தாலும் சமூகம் என்று அழைக்க முடியாது. தடை போடாதீர்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டு மைக்ரோவேவ், மூடி போட்டுத்தான் சூடாக்க வேண்டும் என்ற விதி. வாசனைப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கு ஒரு மைக்ரோவேவ் தனியாக இருப்பதில் தவறில்லை. ஆனால் மேசை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நீளமான மேசை. நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்காரவைக்கும் சின்ன மேசைகளை வாங்கவே வேண்டாம்.

சத்தம், எச்சரிக்கை, விதிகள்

அதிகமான சண்டைகள் போன் பேச்சால்தான் வரும். மேசையிலேயே கிளையன்ட்டோடு ஒரு மணி நேரம் உரக்கப் பேசுபவர் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். போன் பேச இரண்டு சின்ன அறைகள் முதலிலிருந்தே இருந்தால் பாதிச் சண்டை வராது. மீதிக்கு விதி வேண்டும்.

பொதுச் சொத்தை மக்கள் தாங்களே எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பாசனம், மீன்பிடிப்பு, காடு, மேய்ச்சல் நிலம் என்று பல நாடுகளில் பார்த்தவர். நீண்ட காலம் நிலைத்த இடங்களில் அவர் கண்ட பொதுவான அம்சங்களில் இரண்டு நமக்கு நேரடியாக உதவும். விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு விதியை மாற்றுவதில் பங்கு இருக்கும். தண்டனை படிப்படியாகக் கூடும், முதல் தவறுக்கே பெரிய தண்டனை கிடையாது.

ஆகவே விதிகளை நீங்கள் மட்டும் உட்கார்ந்து எழுதி லேமினேட் செய்து ஒட்டிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களைக் கூட்டி, எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். மீறுபவரிடம் முதல் முறை மேனேஜர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார். இரண்டாம் முறை தனியாக அழைத்துப் பேசுவார். மூன்றாம் முறை எழுத்தில் கொடுப்பார். அதற்கும் மேல் என்றால் மீதி நாளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடலாம். பெரிய கிளையன்ட், பத்து மேசை எடுத்தவர் என்று ஒருவருக்கு மட்டும் இந்தப் படிகளைத் தளர்த்தினால், மற்ற முப்பது பேரும் அன்றே கவனித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குரூப் இரண்டு வையுங்கள். ஒன்றில் நிர்வாகம் மட்டும் அறிவிப்பு போடும். இன்னொன்று வேலைக்கு: ஆள் தேவை, வேலை இருக்கிறது, யாருக்காவது இது தெரியுமா. காலை வணக்கப் படங்களுக்கும் அரசியலுக்கும் இரண்டிலும் இடம் இல்லை.

உறுப்பினர்களுக்குள் பணம்

பழக்கம் வளர வளர வேலை கைமாறும். இதுதான் நாம் விரும்பியது. நட்புகள் முறிவதும் இங்கேதான். "நமக்குள்ள என்னங்க அக்ரிமென்ட்" என்று ஆரம்பித்த வெப்சைட் வேலை மூன்று மாதம் கழித்து, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடிக்கும் நிலையில் வந்து நிற்கும். மற்றவர்களும் பக்கம் பிரிவார்கள்.

இதற்கு ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்றை இடத்திலேயே அச்சடித்து வையுங்கள். என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எந்தத் தேதி, நடுவில் நின்றால் கணக்கு எப்படி. ஆறு வரி. எல்லாரும் போடுகிறார்கள் என்ற வழக்கம் வந்துவிட்டால், கேட்பவருக்கும் கூச்சம் இருக்காது, கொடுப்பவருக்கும் சந்தேகப்படுகிறார்களோ என்ற நினைப்பு வராது.

சட்டத்தில் சிறியவருக்குள்ள பாதுகாப்பு ஃப்ரீலான்சர்களில் பலருக்குத் தெரியாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சேவை வாங்கியவர், ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது இது. தனியாளாக வேலை பார்ப்பவரும் பதிவு செய்துகொள்ளலாம். புதிய உறுப்பினரிடம் முதல் மாதமே இதைக் கேட்டு, பதிவு இல்லை என்றால் செய்து கொடுப்பது மேனேஜர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் ஒன்று. வெளியே இருக்கும் கிளையன்ட்டிடம் பணம் கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் தயக்கம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உறுப்பினர்களுக்குள் கடன் கொடுத்து வாங்குவதையும் சீட்டு பிடிப்பதையும் இடத்துக்குள் அனுமதிக்காதீர்கள். இதில் மட்டும் நான் சமரசத்துக்கு இடம் தரமாட்டேன். கைமாறும் வேலைக்குக் கமிஷன் கேட்கும் ஆசையும் உங்களுக்கு வரக்கூடும். அதையும் விட்டுவிடுங்கள். கமிஷன் வாங்கும் மேனேஜர் அறிமுகம் செய்யும்போது, இது யாருடைய நன்மைக்கு என்று இரண்டு பக்கமும் யோசிக்கும்.

பெண்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைவிட வெளியே ஓர் இடம் வேண்டும் என்று தேடி வருபவர்களில் பெண்கள் பலர். வீட்டில் இருந்தால் வேலை நடுவில் குக்கர் விசிலும் அழைப்பு மணியும் அவர்களைத்தான் எழுப்பும். இடம் பார்க்க வரும் பெண் கழிவறையை முதலில் பார்ப்பார், பிறகு மாடிப்படி வெளிச்சத்தை, பிறகு அங்கே ஏற்கெனவே எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த பேச்சு.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் உள்ளகக் குழு அமைத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் நிறுவனங்களில் நடப்பதற்கு மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் அங்கே ஊழியராக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். கோவொர்க்கிங் இடத்தில் ஐந்து பேர் கம்பெனியும் தனியாட்களும் கலந்து உட்கார்ந்திருப்பதால், புகாரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமலே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மாவட்டக் குழுவின் முகவரியையும் போன் எண்ணையும் கேட்டு வாங்கிப் பெண்கள் கழிவறையின் உள்ளே ஒட்டுங்கள். பேன்ட்ரியிலும் ஒட்டுங்கள். பல நிறுவனங்கள் கலந்த இடம் என்பதால், உங்கள் உறுப்பினர் ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் நுழைவை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் வந்த அன்று, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்பவர்கள்கூட இதைச் செய்துவிடுகிறார்கள். புகார் கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

விட்டுப்போகிறவர்கள்

நன்றாக வளர்ந்த கம்பெனி உங்கள் இடத்தை விட்டுப் போகும். ஐந்து பேர் பன்னிரண்டு பேரானால் அவர்களுக்குத் தனி அலுவலகம் தேவை. தள்ளுபடி கொடுத்து இழுத்துப் பிடிப்பதால் பயன் இல்லை. வேலைக் குரூப்பில் அவர்கள் தொடரட்டும். நாலு மணி டீக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள். வளர்ந்த கம்பெனிக்கு டிசைனும் கணக்கும் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். அவர்கள் தேடும் ஆட்கள் உங்கள் மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சொல்லாமல் நின்றுபோகிறவர்கள் வேறு வகை. இரண்டு வாரம் வராதவருக்கு மேனேஜர் போன் செய்ய வேண்டும். பணம் பற்றி முதல் போனில் பேசக் கூடாது. ஒரு கிளையன்ட் கைவிட்டதால் கட்ட முடியாமல் ஒதுங்கியிருப்பவர் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இரண்டு மாதம் பாதிக் கட்டணம் என்று ஓர் ஏற்பாடு இருந்தால், அதை எல்லாருக்கும் பொதுவான விதியாக எழுதி வையுங்கள். தெரிந்தவருக்கு மட்டும் செய்யும் சலுகையாக அது இருக்கக் கூடாது. நின்றே ஆக வேண்டும் என்பவருக்கு, கட்டிய அட்வான்ஸை ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்கே அவர் கணக்கில் போட்டுவிட்டு, காரணம் என்ன என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பணம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள்.